மூளையுறைக் காய்ச்சல்: வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் அறிய வேண்டுவன

பிள்ளை இடைநிலைப் பள்ளி விடுதிக்கோ, மெட்ரிகுலேசன் கல்லூரிக்கோ, பாலிடெக்னிக்குக்கோ புறப்படும் நாளில் நம் வீடுகளில் நடைபெறும் ஏற்பாடுகள் பலவாகும். வாளி, போர்வை, பூட்டு, முறுக்கு டின், ஊறுகாய்ப் புட்டி என்று எதுவும் விடுபடுவதில்லை. ஆற்றில் இறங்காதே, பிறர் மோட்டார் சைக்கிளில் ஏறாதே என்னும் புத்திமதிகளும் தவறாமல் உண்டு. ஆனால், "காய்ச்சலும் தாங்க முடியாத தலைவலியும் கண்டு, கழுத்தும் வளைய மறுத்தால், விடியட்டும் என்று காத்திராதே, அந்த நேரமே வார்டனை எழுப்பு" என்று சொல்லி அனுப்பும் பெற்றோரை நான் இதுவரை கண்டதில்லை. சொல்லாமைக்குக் காரணம் அன்பின்மை அன்று. அப்படி ஒரு நோய் இருப்பதும், அது பதினைந்து முதல் இருபது வயதுக்கு உட்பட்டவர்களைத் தேடி வருவதும் நம்மவர்க்குத் தெரியாமையே ஆகும். இந்நோய் நம் நாட்டில் அரியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சமூட்டுவது என் நோக்கமன்று. அரிய நோயாயினும், அது வந்தால் கையில் இருக்கும் காலம் நாட்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில்தான் இருக்கிறது. ஆகவேதான் எழுதுகிறேன்.

மூளைக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்லும் சொல்லுக்குள் வெவ்வேறான நோய்கள் அடங்கியிருக்கின்றன. மூளையையும் முதுகுத் தண்டையும் மூன்று மெல்லிய உறைகள் மூடியிருக்கின்றன. வெளியுறை தடித்தது; நடுவுறை சிலந்தி வலை போன்றது; உள்ளுறை மூளையின் மடிப்புகளோடு ஒட்டியே செல்வது. தாயின் அணைப்பை ஒத்திருப்பதால் போலும், இலத்தீன் மொழியார் வெளியுறையையும் உள்ளுறையையும் 'தாய்' என்றே அழைத்தனர். இலங்கைப் பாடநூல்களும் அதனைப் பின்பற்றி வன்றாயி, மென்றாயி என்று எழுதின. நடுவுறைக்கும் உள்ளுறைக்கும் இடையே தெளிந்த நீர் ஓடுகிறது. வளர்ந்த மனிதனிடத்தில் அதன் அளவு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறிய தேநீர்க் கோப்பை அளவு. இந்த உறைகளில் கிருமி புகுந்து அழற்சியுண்டாக்குவதே மூளையுறைக் காய்ச்சல். மூளையின் சதைப் பகுதியே அழற்சியுறுமானால் அது வேறு நோய். அதனை மூளையழற்சி எனலாம்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இதற்காக நம் நாடு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தில் கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர்க்குக் காய்ச்சலும் மயக்கமும் கண்டு பலர் இறந்தனர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளையழற்சி என்று கருதிப் புகையடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். நோய் அடங்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. ஜப்பானிய மூளையழற்சி பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது; இங்கோ பன்றிகளைத் தொட்டுப் புழங்கிய வயது வந்த ஆடவர்களே விழுந்தனர். இந்தப் பொருத்தமின்மையை ஊன்றி நோக்கியவர்களுள் ஒருவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங். 1999 மார்ச்சில் சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து புதியதொரு வைரசை அவர் பிரித்தெடுத்தார். அந்த ஊரின் பெயரே இன்று உலகெங்கும் வழங்குகிறது. 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த நோய்க்குக் கொசுவைக் குற்றவாளியாக்கிப் பல மாதங்கள் கழிந்துவிட்டன. 'மூளைக் காய்ச்சல்' என்ற பெயர் ஒன்றேயாயினும் காரணம் பலவாக இருக்கும். சோதித்தறியாமல் எதனையும் முடிவு செய்தல் ஆகாது.

மூளையுறைக் காய்ச்சலிலும் வகைகள் உண்டு. வைரசால் வருவது பெரும்பாலும் தானே தணிவது. வாந்தி, தலைவலியோடு ஓரிரு வாரம் படுத்துவிட்டுப் பிள்ளை எழுந்துவிடும். காச நோய்க் கிருமியால் வருவது மெல்ல வருவது. மாலைக் காய்ச்சல், பசியின்மை, விடாத தலைவலி, படிப்பில் மந்தம், குணமாற்றம் என்று வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து ஒருநாள் மயக்கத்தில் தள்ளிவிடும். மலேசியாவில் 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் 25,000க்கு மேற்பட்ட காச நோயாளிகள் கண்டறியப்பட்டனர் என்பதால் இதனை மறந்துவிடலாகாது. வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் பாட்டனாரைச் சளிச் சோதனைக்கு அழைத்துச் செல்வதும் பேரப் பிள்ளையின் மூளையைக் காப்பதாகும். எலியின் சிறுநீர் கலந்த ஓடையில் குளிப்பதால் வரும் எலிக் காய்ச்சலும் சிலவேளை மூளையுறையைத் தாக்கும். தோட்டப்புறத்துப் பிள்ளைகட்கு இதனைச் சொல்லி வைக்க வேண்டும்.

நாம் மிகவும் அஞ்ச வேண்டியது பாக்டீரியாக்களால் வரும் வகை. அவற்றுள் இரண்டினை அறிந்தால் போதும். ஒன்று நிமோகாக்கஸ். இது நுரையீரல் காய்ச்சலுக்கும் காதுச் சீழுக்கும் காரணமானது; அங்கிருந்து மூளையுறைக்கும் ஏறும். ஆண்டுக் கணக்கில் காதில் சீழ் வடியும் பிள்ளையை, "அது பிறவியிலிருந்தே அப்படித்தான்" என்று விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இன்றும் இருக்கிறது. மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞனின் மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர் போன்ற தெளிந்த நீர் சொட்டுமானால், அது சளியன்று. மண்டையோட்டின் அடிப்பகுதி விரிசல் கண்டு, நான் மேலே கூறிய தேநீர்க் கோப்பை நீர் ஒழுகுவதாக இருக்கலாம். நீர் வெளியே வரும் வழி கிருமி உள்ளே போகும் வழியுமாகும். காயம் ஆறிவிட்டது என்று வீட்டிலிருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கிருமியே இக்கட்டுரைக்கு உரியது. மெனிங்கோகாக்கஸ் என்பது அதன் பெயர். 1805இல் ஜெனீவா நகரில் வியூசோ என்னும் மருத்துவர் இந்நோயின் பரவலை முதன்முதல் விவரித்தார். 1887இல் வியன்னாவில் வைக்செல்பாம் என்பவர் கிருமியைக் கண்டறிந்தார். மருந்தில்லாத அந்நாளில் நோயுற்ற நால்வரில் மூவர் வரை இறந்ததுண்டு. இன்று தக்க மருத்துவம் கிடைத்தும் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறக்கின்றனர். பிழைத்தோருள்ளும் சிலர்க்குச் செவிப்புலன் போகிறது. சிலர்க்கு விரலோ காலோ எடுக்கப்படுகிறது.

வளர்ந்த பிள்ளைகளை ஏன் நாடுகிறது?

இக்கிருமியின் குணம் விந்தையானது. அது காட்டிலோ சாக்கடையிலோ வாழ்வதில்லை. மனிதனின் மூக்கும் தொண்டையும் கூடுமிடமே அதன் ஒரே வீடு. அங்கே யாதொரு தீங்கும் செய்யாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குடியிருக்கும். இப்படிக் கிருமியைத் தாங்கித் திரிபவர்க்கு நோய் இல்லை. தாம் தாங்குவதும் அவர்க்குத் தெரியாது. ஐரோப்பிய நாடுகளின் ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியபோது, கைக்குழந்தைகளுள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவாகவே இதைத் தாங்கியிருக்க, பத்தொன்பது வயதினருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தாங்கியிருந்தமை தெரிந்தது. காரணம் வெளிப்படை. நெருங்கியிருந்து பேசுவதும், ஒரே அறையில் பலர் உறங்குவதும், புகைப்பதும், முத்தமிடுவதும் அந்த வயதில் தொடங்குகின்றன. தும்மல், இருமல், எச்சில் வழியே கிருமி ஒரு தொண்டையிலிருந்து மறு தொண்டைக்குப் போகிறது. அவ்வாறு பெற்றவர்களுள் மிகச் சிலர்க்கே அது இரத்தத்தில் புகுந்து நோயாகிறது. அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. நல்ல திடகாத்திரமான, நேற்று வரை பந்து விளையாடிய பிள்ளையாகவும் இருக்கலாம். புகைப்பிடித்தல் இந்நோய்க்கு வழிகோலும் என்பது மட்டும் ஐயமின்றித் தெரிகிறது. தான் புகைக்காவிட்டாலும் தந்தை வீட்டிற்குள் ஊதும் புகையும் பிள்ளைக்குக் கேடே.

நெருக்கம் என்று சொன்னேன். அதற்கு ஒரு பழைய சான்று உண்டு. பள்ளி நடத்துவோர் அனைவரும் அறியத் தக்கது. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் படைமுகாம்களில் இளம் சிப்பாய்கள் இந்நோயால் மடிந்தனர். கிளவர் என்னும் இராணுவ மருத்துவர் கேட்டர்ஹாம் முகாமில் சிப்பாய்களின் தொண்டையைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். போர் நெருக்கடியில் கட்டில்களை மிகவும் நெருக்கிப் போட்டபோது கிருமி தாங்குவோர் தொகை மளமளவென்று ஏறியது. கட்டில்களைத் தள்ளிப் போட்டுச் சன்னல்களைத் திறந்துவிட்டபோது இறங்கியது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இரண்டரை அடியாவது இடைவெளி வேண்டும் என்று அவர் எழுதினார். பென்சிலின் இல்லை, தடுப்பூசி இல்லை. ஓர் அளவுகோலைக் கொண்டே செய்த மருத்துவம் அது. விடுதியைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் சுவரின் வண்ணத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் கட்டில்களின் இடைவெளியையும் காற்றோட்டத்தையும் பார்ப்பது நலம். எங்கள் ஆயர் ஈத்தாமுக்கு அண்மையில், பாரிட் ராஜாவில், துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதனைச் சுற்றி ஒரு வாடகை வீட்டில் பல மாணவர்கள் சேர்ந்து தங்குவது வழக்கம். அங்கே கட்டிலின் இடைவெளியை அளந்து பார்க்க வார்டனும் இல்லை.

நம் அண்டை நாட்டுச் செய்தி ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பின் பல நாடுகளில் திரும்பி வந்த பயணிகளிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் இக்கிருமியின் 'டபிள்யூ 135' என்னும் இனத்தால் நோய் தோன்றியது; சிங்கப்பூரும் அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டு அங்கே ஆராய்ந்தபோது, திரும்பி வந்த பயணிகளுள் நூற்றுக்குப் பதினைவர் அவ்வினத்தைத் தொண்டையில் கொண்டுவந்திருந்தது தெரியவந்தது. பயணிகள் அனைவரும் தடுப்பூசி போட்டவர்கள்! அந்நாளைய ஊசி போட்டவரை நோயிலிருந்து காத்தது. கிருமியைத் தாங்குவதிலிருந்து காக்கவில்லை. ஆகவே வீட்டிலிருந்தவர்க்கு நோய் வந்தது. இப்போது கிடைக்கும் இணைவகைத் தடுப்பூசிகள் இதனினும் மேம்பட்டவை. நான்கு இனங்களுக்கு எதிரான தடுப்பூசியைச் சவுதி அரசு ஹஜ், உம்ரா பயணிகட்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் முஸ்லிம் அன்பர்கள் இதனை நன்கு அறிவர்.

டில்லி நகரிலும் 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளில் இந்நோய் பரவியது. ஆப்பிரிக்காவின் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, மேற்குக் கடலோரம் முதல் எத்தியோப்பியா வரை நீளும் நாடுகளில் இது ஆண்டுதோறும் வறண்ட காற்றுக் காலத்தில் எழுவது. 1996, 1997ஆம் ஆண்டுகளில் அங்கே இரண்டரை இலட்சம் பேர் நோயுற்று 25,000 பேர் இறந்தனர். அந்நாடுகளுக்கென்றே மலிவாக ஒரு தடுப்பூசியைச் செய்து கொடுத்தது புனே நகரிலுள்ள சீரம் நிறுவனம் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 2010 டிசம்பரில் அது புர்க்கினா பாசோவில் தொடங்கிப் போடப்பட்டது. அதன்பின் 'ஏ' இனத்தால் வரும் நோய் அங்கே ஏறத்தாழ இல்லாமற் போயிற்று.

அறிகுறிகள்

இனிப் பெற்றோர் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி.

பாடநூல்களில் மூன்று குறிகள் சொல்லப்படும்: காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைக் காணக் கூசுதல். மூன்றும் உண்மையே. ஆனால் அவை மூன்றும் ஒருங்கே முதலில் வருவதில்லை. 2006இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆராய்ச்சி, மெனிங்கோகாக்கஸ் நோயுற்ற 448 பிள்ளைகளின் நோய் வரலாற்றை மணிக்கணக்காகத் தொகுத்துப் பார்த்தது. முதல் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. கழுத்து விறைப்பும் தடிப்பும் மயக்கமும் பதின்மூன்று மணிக்குப் பிறகே வந்தன. இருபத்துநான்கு மணிக்குள் சிலர் சாவின் விளிம்பில் இருந்தனர். இடையிலே, ஏறத்தாழ எட்டாவது மணியில், பத்துப் பேரில் எழுவரிடம் வேறு மூன்று குறிகள் தலைகாட்டின: கால் வலி, கையும் பாதமும் சில்லிடுதல், தோல் வெளிறுதல் அல்லது திட்டுத் திட்டாக நிறம் மாறுதல். அஃதாவது உடம்பு அனலாய்க் கொதிக்கும், உள்ளங்காலோ பனிக்கட்டியாய் இருக்கும். ஓடி விளையாடாத நாளில், "கால் வலி தாங்கவில்லை, நிற்க முடியவில்லை" என்று பிள்ளை அழும். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத தாய் இல்லை. பாதத்தையும் தொட்டுப் பாருங்கள்.

கழுத்து விறைப்பை அறிவது எளிது. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, மோவாய் நெஞ்சைத் தொடும்படி தலையை மெல்லத் தூக்கவும். வலியால் கழுத்து வளைய மறுக்குமாயின் அது பெரிய எச்சரிக்கை. வளைந்துவிட்டது என்பதால் மட்டும் நோயில்லை என்று நினைத்துவிட வேண்டா.

தடிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரத்தத்தில் கிருமி பெருகும்போது தோலுக்கடியில் சிறு குழாய்கள் உடைந்து குண்டூசி முனையளவு சிவந்த புள்ளிகள் தோன்றும். பிறகு அவை ஒன்றுசேர்ந்து கன்றிப்போன இடம் போல ஊதா நிறமாகும். கண்ணாடித் தம்ளரின் பக்கத்தை அவற்றின்மேல் அழுத்திப் பார்த்தால், சாதாரணத் தடிப்பு மறையும், இது மறையாது. மேனாட்டுப் புத்தகங்களில் காட்டப்படும் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம்முடைய கறுத்த, மாநிறத் தோலில் இப்புள்ளிகள் எளிதில் புலப்படா. ஆதலின் உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு, கண்ணிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய வெளிறிய இடங்களில் நல்ல விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பதினாறு வயது மகள் தாய்க்கும், மகன் தந்தைக்கும் உடம்பைக் காட்டக் கூச்சப்படுவர்; அந்தக் கூச்சத்தைப் பொருட்படுத்தலாகாது. தடிப்பே இல்லாமலும் இந்நோய் வருவதுண்டு. 'புள்ளி வரட்டும்' என்று காத்திருப்பது வீடு தீப்பிடித்ததா என்று அறியக் கூரை விழும்வரை காத்திருப்பதாகும்.

நம் ஜொகூரில் காய்ச்சலும் சிவப்புப் புள்ளியும் கண்டவுடன், "டிங்கிதான்" என்று அண்டை அயலார் தீர்ப்புக் கூறிவிடுவர். டிங்கி மலிந்த நாட்டில் அப்படி எண்ணுவது இயல்பே. ஆயினும் ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள். டிங்கியில் புள்ளிகள் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி மூன்று நான்கு நாட்கள் சென்றபின் வரும். முதல் நாளிலேயே, காலையில் நன்றாயிருந்த பிள்ளைக்கு மாலையில் புள்ளிகள் கண்டு, அவை மணிக்கு மணி பெருகுமாயின், டிங்கி என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். இரண்டில் எது என்பதை இரத்தச் சோதனை சொல்லட்டும்.

பிள்ளையின் பேச்சும் நடத்தையும் மாறுவதும் ஒரு குறியே. கேட்டதற்குச் சம்பந்தமில்லாத விடை, காரணமற்ற கோபம், பிதற்றல், எழுப்பினாலும் எழாத உறக்கம் ஆகியவற்றை வளர்ந்த பிள்ளைகளிடம் கண்டால், குடித்துவிட்டான் என்றோ, போதைப் பொருள் உண்டான் என்றோ, காற்றுக் கருப்பு அடித்தது என்றோ பலவாறு எண்ணிவிடுகிறோம். விடுதித் தோழர்களும் "தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும்" என்று கதவைச் சாத்திவிடுவர். விபூதி இடுவதை நான் தடுக்கமாட்டேன். இட்டுவிட்டு உடனே காரில் ஏற்றுங்கள்.

பெனடோல் கொடுப்பதால் காய்ச்சல் சற்று இறங்கும், நோய் இறங்காது. அலமாரியில் முன்பு மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை இரண்டைக் கொடுப்பதோ கெடுதியே விளைக்கும். கிருமி அரைகுறையாக மயங்கிச் சோதனையில் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும். அப்படிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுவதே முறை.

மருத்துவமனையில்

ஆயர் ஈத்தாம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்க்கு நல்ல சாலைகள் உண்டு. மேற்கே பத்து பகாட்டில் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனை, கிழக்கே குளுவாங்கில் என்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனை. ஆனால் செம்பனைத் தோட்டத்தின் உட்பகுதியில் உள்ள வீட்டுக்கும் பெருஞ்சாலைக்கும் இடையில் இருக்கும் மண்பாதையில் இரவு மழையில் எவ்வளவு நேரமாகும் என்பதை அங்கே வாழ்வோரே அறிவர். தோட்ட மருத்துவமனைகள் இருந்த காலம் போய்விட்டது. ஆதலின் வண்டி வைத்திருக்கும் அயலார் எவர், அவரை நள்ளிரவில் எழுப்ப எந்த எண்ணை அழைப்பது என்பதை முன்பே அறிந்து வைத்திருக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு எண் 999.

பகலில் கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கி வந்தாயிற்று. இரவு பிள்ளையின் நிலை மோசமாகிறது. மறுபடி போனால் டாக்டர் கோபிப்பாரோ, மிஸ்ஸி ஏசுவாரோ என்று நம்மவர் தயங்குவர். இந்தத் தயக்கத்தை நான் பெரிதும் வெறுக்கிறேன். காலையில் பார்த்த மருத்துவர் மாலையில் தோன்றிய குறியை எப்படிக் கண்டிருக்க முடியும்? இரண்டாம் முறை போவது அவரைக் குறை சொல்வதாகாது. சுற்றிவளைக்காமல், "மூளையுறைக் காய்ச்சலாக இருக்குமோ என்று அஞ்சுகிறோம்" என்று முதற் சொல்லாகச் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தக் குறி எப்போது வந்தது என்பதைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

அடுத்து வருவது முதுகில் ஊசி போடும் சோதனை. நம்மவரிடம் இதைப் போல் வீண் பழி சுமந்த சோதனை வேறில்லை. "முதுகுத் தண்டில் குத்தினால் கால் விளங்காமற் போய்விடும்" என்று பாட்டிமார் சொல்லி, பெற்றோர் கையெழுத்திட மறுத்துவிடுவதுண்டு. 1891இல் ஜெர்மானிய மருத்துவர் குவின்கே செய்து காட்டிய முறை இது. நூற்றுமுப்பது ஆண்டுகட்கு மேலாக உலகெங்கும் செய்யப்படுகிறது. முதுகுத் தண்டு இடுப்பு வரை நீள்வதில்லை. வளர்ந்தவர்க்கு முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசியோ அதற்கும் கீழே, மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் இடைப்பட்ட பகுதியில் நுழைகிறது. அங்கே தண்டு இல்லை. நீரில் தொங்கும் நரம்பிழைகள் மட்டுமே உள்ளன. ஊசி பட்டால் அவை விலகிக்கொள்ளும். எடுப்பது சில துளிகள். நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் அளவு புதிதாக ஊறும் நீரில் அது ஒரு பொருட்டே அன்று. பிறகு ஒரு நாள், இரு நாள் தலைவலி இருக்கலாம். தெளிந்திருக்க வேண்டிய நீர் கலங்கியிருந்தால் விடை கண்ணுக்கே தெரிந்துவிடும். எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதை ஆய்வுக்கூடம் கூறும். பிள்ளையின் நிலை மோசமாயிருந்தால் மருத்துவர் சோதனையைத் தள்ளிவைத்து முதலில் மருந்தை ஏற்றுவார். அதுவும் சரியே.

ஒரு மாணவனுக்கு நோய் கண்டால் விடுதி முழுவதும் பீதி பரவும். பள்ளியை மூடு என்பர். மேசை நாற்காலிகளைக் கழுவு என்பர். இக்கிருமி மனித உடலுக்கு வெளியே நெடுநேரம் உயிர்வாழ்வதில்லை. ஒரே அறையில் உறங்கியவர்கள், வீட்டார், மிக நெருங்கிப் பழகியவர்கள் ஆகியோர்க்குச் சுகாதார அதிகாரிகள் தடுப்பு மாத்திரை கொடுப்பர்; ஒருநாளைக்குள் கொடுத்தால் மிக நன்று. ஒரே வகுப்பில் இருந்தது ஒன்றே அதற்குக் காரணமாகாது. விடுமுறைக்கு வீடு திரும்பிய பிள்ளையின் அறைத்தோழனுக்கு நோய் என்று செய்தி வந்தால், பெற்றோர் அதனை மறைக்காமல் அண்மையிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் தெரிவிக்க வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவேன். நம் அரசாங்கம் குழந்தைகட்கு இலவசமாகப் போடும் ஊசிகளுள் சில மூளையுறையையும் காக்கின்றன: பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., 2002 முதல் போடப்படும் ஹிப், 2020இல் பிறந்தவர்கள் முதற்கொண்டு போடப்படும் நிமோகாக்கஸ் ஊசி. ஆகவே 2020க்கு முன் பிறந்து இன்று இடைநிலைப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் இம்மூன்றாவதைப் பொதுத் திட்டத்தில் பெற்றவர்கள் அல்லர். மெனிங்கோகாக்கஸ் ஊசி எல்லாப் பிள்ளைகட்கும் உரிய பொதுத் திட்டத்தில் இல்லை. தனியார் மருத்துவரிடம் கட்டணம் செலுத்திப் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்கா 2005இல் பதினொன்று, பன்னிரண்டு வயதினர்க்கும், பிரிட்டன் 2015இல் பதின்ம வயதினர்க்கும் நான்கினத் தடுப்பூசியைப் போடத் தொடங்கின. இந்நோய் அரிதான நம் நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வேண்டும் என்று நான் கூறேன். ஆனால் பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகட்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கும், மண்ணீரல் எடுக்கப்பட்ட பிள்ளைக்கும் கட்டாயம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். தலசீமியா நோயால் மண்ணீரலை இழந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்கட்கு நிமோகாக்கஸ் ஊசியும் வேண்டற்பாலது. நான்கின ஊசி 'பி' இனத்தைத் தடுக்காது. அதற்குத் தனியூசி உண்டு. ஊசி போட்டாயிற்று என்பதால் மேற்சொன்ன குறிகளை அசட்டை செய்தலும் கூடாது.

பிழைத்து வீடு திரும்பிய பிள்ளையைப் பற்றி ஒன்று. உடல் தேறினாலும் பல மாதங்கள் களைப்பு, மறதி, எரிச்சல், தலைவலி ஆகியவை இருக்கக்கூடும். எஸ்.பி.எம். நெருங்குகிறதே என்று துரத்தினால் பயனில்லை. "நோய்க்குப் பின் சோம்பேறியாகிவிட்டான்" என்று கூறும் ஆசிரியர்களும் உளர். பெற்றோர் மருத்துவரின் கடிதத்தோடு பள்ளிக்கு வந்து தலைமையாசிரியரிடம் விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றிலும் அவசரமானது செவிச் சோதனை. நோய் தணிந்த நான்கு வாரத்திற்குள் அதனைச் செய்துவிட வேண்டும். பிள்ளை தானாகவே, "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லுமென எதிர்பார்க்கலாகாது. கூப்பிட்டால் திரும்பாமை, தொலைக்காட்சியை உரக்க வைத்தல், வகுப்பில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுதல் என்றுதான் அது வெளிப்படும். செவி முற்றும் பழுதுற்றிருந்தால் உட்காதில் பொருத்தும் மின்கருவி உதவும். ஆனால் இந்நோய்க்குப் பின் உட்காதின் நத்தைச்சுருள் சில மாதங்களுக்குள்ளேயே எலும்பாகி அடைபட்டுவிடுவதுண்டு. அடைபட்டபின் கருவியை உள்ளே செலுத்துவது மிகக் கடினம். ஆதலின் செவிச் சோதனைக்கு மருத்துவமனை தரும் தேதியைப் பள்ளித் தேர்வுக்காகவோ தீபாவளிக்காகவோ தள்ளிப் போடாதீர்கள்; தேதியே தராவிட்டால், வீடு திரும்பும் அன்றே கேட்டு வாங்குங்கள்.